மொதல்ல தரை, அப்புறம்தான் ஸ்டாண்ட்

ஏற்காட்டுல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. ஒண்டிக்கடை பக்கம் வீடு, காப்பி எஸ்டேட் ஆபீஸ்ல வேலை, வாரத்துக்கு ரெண்டு தடவ சேலம் எறங்கி ஏறுறாராம். அவரோட வண்டி டியூக் 250, அப்பாவோட பழைய புல்லட்டும் வீட்லயே நிக்குது. கேள்வி இதான்: "அண்ணா, செயின் க்ளீனிங், வீல் கழட்டுறது மாதிரி வேலையெல்லாம் நானே பண்ணிப் பழகலாம்னு இருக்கேன். டியூக்ல செண்டர் ஸ்டாண்ட் கெடையாது. பேடாக் ஸ்டாண்ட் (பின்னாடி மாட்டி கைப்பிடிய அமுக்குனா பின் சக்கரத்த தூக்கி நிறுத்துறது) வாங்கவா, சிசர் ஜாக் (திருகுனா கத்திரி மாதிரி விரிஞ்சு வண்டிய அடியில இருந்து தூக்குறது) வாங்கவா, இல்ல காசு சேத்து ஹைட்ராலிக் லிஃப்டே வாங்கிரலாமா? சங்ககிரில மாமா லாரி வெச்சிருக்காரு, அவருகிட்ட ஒரு பாட்டில் ஜாக்கி சும்மாதான் கெடக்கு, அத வெச்சு சமாளிக்க முடியுமா? வேலை செய்ய எடம்னு பாத்தா வீட்டு முன்னாடி பேவர் பிளாக் போட்ட வாசல்தான், கொஞ்சம் சரிவா இருக்கும்."

தம்பி, உங்க லெட்டர்ல எனக்கு முக்கியமாப் பட்டது கடைசி வரிதான். நீங்க அத போற போக்குல சொல்லியிருக்கீங்க, நான் அங்க இருந்துதான் ஆரம்பிக்கணும். எந்த ஸ்டாண்ட் வாங்கினாலும் அது நிக்கிறது தரையிலதான், தரை சரியில்லன்னா பத்தாயிரம் ரூவா ஸ்டாண்டும் வண்டிய கீழ போட்டுரும். நான் சேலத்துல இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல வண்டி வேலை பாக்குறேன், ஸ்டாண்ட் ஒடைஞ்சு விழுந்த வண்டின்னு நான் பாத்தது ரொம்பக் கம்மி, தரை சரிவுலயோ வழுக்குனதுலயோ விழுந்த வண்டி நெறைய பாத்திருக்கேன்.

அதுல ஒண்ணு என் கையால விழுந்தது. நான் கடை போட்ட புதுசு, கடைக்கு முன்னாடி தண்ணி வடியறதுக்காக சாக்கடை பக்கமா லேசா சரிவு விட்டு தளம் போட்டிருந்தோம், கண்ணுக்கு சரிவுன்னே தெரியாது. கஸ்டமர் வண்டி ஒண்ண பேடாக் ஸ்டாண்ட்ல ஏத்தி மூக்கு சாக்கடையப் பாத்து நிக்கிற மாதிரி விட்டுட்டு ஸ்பேனர் எடுக்கத் திரும்புறேன், முன் சக்கரம் ஒரு சாண் உருண்டுச்சு, அவ்வளவுதான், ஸ்டாண்ட் தானா எந்திரிச்சு வண்டி இடது பக்கம் சாஞ்சிருச்சு. டேங்க்ல டொக்கு, கிளட்ச் லிவர் போச்சு, அதெல்லாம் காசு குடுத்து சரி பண்ணிட்டேன். ஆனா அந்தப் பக்கம் ரெண்டடி தள்ளி அவரோட சின்னப் பொண்ணு நின்னுட்டு இருந்துச்சு, அத இன்னைக்கு நெனைச்சாலும் எனக்கு கை நடுங்கும். அன்னையில இருந்து முன் பிரேக்க கட்டாம நான் எந்த வண்டியயும் பின்னாடி தூக்குனதில்ல, பக்கத்துல குழந்தைங்களையும் விடறதில்ல.

ஏன் அப்படி ஆவுதுன்னு புரிஞ்சுக்கோங்க. பேடாக் ஸ்டாண்ட் வண்டிய பின்னாடி தூக்குன உடனே பின் சக்கரம் அந்தரத்துல நிக்கும், நீங்க கியர்ல போட்டு வெச்சிருந்தாலும் பிரயோஜனமில்ல, கியர் புடிக்கிறது பின் சக்கரத்த மட்டும்தான். முன் சக்கரத்த புடிச்சு வெக்க ஒண்ணுமே இல்ல. வண்டி முன்னாடி நகர்ந்தா ஸ்டாண்டோட கைப்பிடி மேல எந்திரிச்சிரும், வண்டி எறங்கிரும். அதனால பழைய சைக்கிள் ட்யூப்ல ஒரு விரல் அகலத்துக்கு ரெண்டு வளையம் வெட்டி வெச்சுக்கோங்க, முன் பிரேக் லிவர இழுத்து கைப்பிடியோட சேத்து அந்த வளையத்த மாட்டிருங்க, முன் டயருக்கு முன்னாடி ஒரு மரக்கட்டை வைங்க. இதுக்கு ஆகுற செலவு ஒண்ணுமில்ல, ஆனா ஸ்டாண்ட விட இதுதான் முக்கியம்.

இப்ப உங்க வாசல். ஏற்காட்டுல மட்டமான எடம் கெடைக்கிறதே பெரிய விசயம்னு எனக்குத் தெரியும், மலையில வீடு கட்டுனா தண்ணி வடிய சரிவு விட்டுத்தான் ஆகணும், மழையும் அந்த மாதிரி ஊரு. கொத்தனார்கிட்ட ரசமட்டம் இருந்தா வாங்கி வெச்சுப் பாருங்க, இல்லன்னா ஒரு சொம்பு தண்ணிய ஊத்துங்க, இல்ல கோலிகுண்டு ஒண்ண வைங்க, அது எந்தப் பக்கம் எவ்வளவு வேகமா ஓடுதுன்னு பாருங்க. வண்டியோட நீளவாக்குல லேசா சரிவுன்னா மூக்கு மேட்டப் பாத்து நிக்கிற மாதிரி வெச்சு, கட்டையும் போட்டு சமாளிச்சுக்கலாம், மூக்கு எறக்கத்தப் பாத்து மட்டும் எப்பவுமே வேணாம். ஆனா சரிவு குறுக்கால, அதாவது வண்டியோட இடதுல இருந்து வலதுக்கு ஓடுச்சுன்னா அந்த எடத்துல எந்த ஸ்டாண்டும் போடாதீங்க, வண்டி ஏற்கனவே சாயறதுக்கு ரெடியா நிக்கிது, நீங்க நட்டு ஒண்ண பலம் போட்டு இழுத்தாப் போதும்.

பேவர் பிளாக் இன்னொரு தொல்லை. ஸ்டாண்டோட குட்டிச் சக்கரம் ரெண்டு கல்லுக்கு நடுவுல இருக்குற சந்துல மாட்டும், ஒரு பக்கம் உருண்டு இன்னொரு பக்கம் நின்னுரும், தூக்குறப்ப வண்டி முறுக்கிக்கும். மழைக்கு அப்புறம் மண்ணு கரைஞ்சு கல்லு ஆடவும் செய்யும். தற்காலிகமா ஒரு முக்கா இஞ்ச் ப்ளைவுட் பலகைய நல்லா பெருசா போட்டு, முன் சக்கரம் பின் சக்கரம் ஸ்டாண்ட் மூணும் அதே பலகை மேல வர்ற மாதிரி வைங்க, ஸ்டாண்டுக்கு மட்டும் பலகை போட்டா மட்டம் மாறிடும். நான் உங்க எடத்துல இருந்தா கொத்தனார கூப்ட்டு ஒம்பதடிக்கு அஞ்சடி ஒரு சிமெண்ட் தளம் மட்டமா போட்ருவேன், சுவத்த ஒட்டி. வண்டியே ஆறரை அடி வரும், பின்னாடி ஸ்டாண்ட் நீட்டிட்டு நிக்கும், நீங்க சுத்தி வர எடம் வேணும், அதான் அந்த அளவு. மேல நைஸ் பூச்சு வேணாம்னு சொல்லிருங்க, சொரசொரப்பா விடச் சொல்லுங்க, பனி எறங்குற ஊர்ல வழவழன்னு இருந்தா உங்க செருப்பும் வழுக்கும் ஸ்டாண்டும் வழுக்கும். தளத்துக்குக் கொஞ்சம் காசு போகும், போகட்டும், இது வீடு இருக்குற வரைக்கும் இருக்கும்.

சரி, ஸ்டாண்டுக்கு வருவோம். உங்களுக்கு என் பதில நேரடியாவே சொல்லிர்றேன், டியூக்குக்கு பின்னாடி பேடாக் ஸ்டாண்ட் ஒண்ணு, ஸ்பூலோட, அவ்வளவுதான் வேணும். சேலத்துல இருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர், போக வர 60, வாரத்துக்கு ரெண்டு தடவன்னா 120, மாசத்துக்கு 500 கிலோமீட்டர் கிட்ட வருது. செயின க்ளீன் பண்ணி லூப் (செயின் எண்ணெய்) அடிக்க வேண்டிய கணக்கும் கிட்டத்தட்ட அதே 500 தான். அப்ப உங்களுக்கு ஸ்டாண்ட் மாசத்துக்கு ஒரு தடவ வேணும், மழைக்காலத்துல எஸ்டேட் செம்மண்ணு ஒட்டுறப்ப ரெண்டு தடவ. இதுக்கு லிஃப்ட் வாங்குறது வேணாத செலவு. ஆயில் மாத்துறது, ஏர் ஃபில்டர், ப்ரேக் பேட் தேய்மானம் பாக்குறது, கிளட்ச் கேபிள் இதுக்கெல்லாம் சைட் ஸ்டாண்டே போதும். 20 கொண்டை ஊசி வளைவு எறங்குற வண்டிக்கு ப்ரேக் பேட அடிக்கடி பாக்கணும், அதுக்கு ஸ்டாண்ட் வாங்குற வரைக்கும் காத்திருக்காதீங்க, டார்ச் ஒண்ணு இருந்தாப் போதும்.

பேடாக் ஸ்டாண்ட்ல ரெண்டு வகை வரும். ஒண்ணு எல் டைப், ரப்பர் போட்ட ரெண்டு கை ஸ்விங்ஆர்முக்கு, அதாவது பின் சக்கரத்த புடிச்சிருக்குற சட்டத்துக்கு, அடியில போய் ஒக்காரும். இன்னொண்ணு வி டைப், ஸ்விங்ஆர்ம் ரெண்டு பக்கமும் ஸ்பூல்னு ஒரு உருளை போல்ட் போட்டு மாட்டியிருப்போம், அதுல கொக்கி மாதிரி கவ்வும். ஸ்விங்ஆர்ம்ல ஸ்பூல் போட ஓட்டை இல்லாத வண்டிக்கு வேற வழியில்லாம எல் டைப் போடுறோம், உங்க வண்டில ஓட்டை குடுத்திருக்காங்க, அதனால வி டைப்பே வாங்குங்க. எல் டைப் அடிப்பக்கம் தட்டையா இருக்குற ஸ்விங்ஆர்முக்கு பரவால்ல, ஆனா ரப்பர் எண்ணெய் பட்டு வழுக்கும், ஒரு பக்கம் ஒக்காந்து இன்னொரு பக்கம் சரியா ஒக்காராம தூக்கிட்டோம்னா நடுவுல நழுவும். வி டைப் கவ்வுனா கவ்வுனதுதான், தனியா வேலை செய்யற ஆளுக்கு அந்த தைரியம் வேணும்.

ஸ்பூல் வாங்கறப்ப அவசரப்படாதீங்க. போல்ட் 6 எம்எம், 8 எம்எம், 10 எம்எம்னு வண்டிக்கு வண்டி மாறும், 10 எம்எம்லயே மரை நெருக்கம் ரெண்டு மூணு விதமா வருது. உங்க ஸ்விங்ஆர்ம் அலுமினியம் வார்ப்பு, தப்பான மரைய ஸ்பேனர் போட்டு முறுக்குனீங்கன்னா ரெண்டாவது சுத்துலயே உள்ள இருக்குற மரை வழிச்சுட்டு வந்துரும், அப்புறம் லேத்துக்குத்தான் போகணும். எப்பவும் கையால திருகுங்க, விரலாலயே கடைசி வரைக்கும் போகணும், அதுக்கு அப்புறம்தான் ஸ்பேனர் தொடணும். போகலன்னா கடைக்காரர்கிட்ட திருப்பிக் குடுத்துருங்க, "போட்டா புடிச்சுக்கும்"னு சொன்னா நம்பாதீங்க. ஸ்பூல் ரெண்டும் ஒரே ஒயரத்துல நேரா இருக்கான்னும் பின்னாடி நின்னு ஒரு பார்வை பாத்துக்கோங்க.

ஸ்டாண்ட் விலை 2,000ல இருந்து 4,000க்குள்ள நல்லதே கெடைக்கும். கடையில பெயிண்ட்டப் பாக்காதீங்க, வெல்டிங்கப் பாருங்க, மூலையில வெல்டு சுத்தி வந்திருக்கா இல்ல ரெண்டு பொட்டு வெச்சு விட்டிருக்காங்களான்னு பாருங்க. சக்கரத்த கையால சுத்திப் பாருங்க, ஆடுனா வேணாம். ரெண்டு கைக்கும் நடுவுல அகலம் மாத்த வசதி இருக்கணும், மாத்துனதுக்கு அப்புறம் அத இறுக்க உருப்படியான போல்ட் இருக்கணும், வெறும் பின்னு குத்துறது ஆடும். தெரிஞ்ச வெல்டிங் பட்டறையில சொல்லி அடிச்சுக்கலாமான்னு சிலர் கேப்பாங்க, தாராளமா அடிக்கலாம், சேலத்துல நல்ல கை இருக்குற ஆளுங்க இருக்காங்க, ஆனா உங்க வண்டிய நேரா கொண்டு போய் அளவு எடுக்க வெச்சுத்தான் அடிக்கணும், ஃபோட்டோவப் பாத்து அடிச்சா கை நீளம் தப்பி தூக்குறதுக்கு ரெண்டு ஆள் தேவைப்படும்.

தூக்குறதுக்கு பலம் வேணுமேன்னு பயப்படாதீங்க. டியூக் 160 கிலோவுக்கு மேல வரும், ஆனா பின்னாடி நீங்க தூக்குறது அதுல பாதிதான், அதுவும் கைப்பிடி நீளமா இருக்குறதால நெம்புகோல் மாதிரி வேலை செய்யும், ஒரு வாளித் தண்ணி தூக்குற அளவுதான் கையில தெரியும். கஷ்டம் தூக்குறதுல இல்ல, அதுக்கு முன்னாடி வண்டிய நேரா நிறுத்துறதுல. சைட் ஸ்டாண்ட்ல இருந்து வண்டிய நிமித்தி இடது கையால சீட்டு பின்னாடி கைப்பிடிய புடிச்சுக்கணும், வலது கையால ஸ்டாண்ட தள்ளி ரெண்டு ஸ்பூல்லயும் கவ்வ வெக்கணும், ரெண்டும் கவ்வுச்சான்னு குனிஞ்சு பாக்கணும், அப்புறம்தான் அமுக்கணும். சைட் ஸ்டாண்ட மடக்காதீங்க, எறக்கி விட்டபடியே இருக்கட்டும். மொத நாலஞ்சு தடவைக்கு அப்பாவ வலது பக்கம் நின்னு சும்மா ஒரு கை குடுக்கச் சொல்லுங்க. பழகிட்டா நீங்களே பண்ணிருவீங்க.

இப்ப நான் கெஞ்சிக் கேக்குற ஒரு விசயம். ஸ்டாண்ட்ல ஏத்துன உடனே எல்லாருக்கும் வர்ற ஆசை, இஞ்சின ஸ்டார்ட் பண்ணி கியர்ல போட்டு சக்கரத்த சுத்த விட்டு செயின்ல துணிய புடிக்கிறது. தம்பி, பண்ணவே கூடாது. எங்கிட்ட வேலை பழகுன பையன் ஒருத்தன் நான் மதியம் சாப்பிடப் போன நேரத்துல அப்படிப் பண்ணி துணிய செயின் இழுத்து பின் ஸ்ப்ராக்கெட்ல (செயின் ஓடுற பல் சக்கரத்துல) அவனோட ஆள்காட்டி விரல் நுனி போயிருச்சு. பத்தொம்பது வயசு அவனுக்கு. இஞ்சின் ஆஃப், சாவி வெளிய, நியூட்ரல், சக்கரத்த கையால சுத்துங்க, பின்னோக்கி சுத்துங்க. பத்து நிமிசம் கூட ஆகட்டும். பெட்ரோல் ஊத்திக் கழுவாதீங்க, செயின் கண்ணிக்குள்ள ரப்பர் வளையம் இருக்கு அது கெட்டுரும், இரும்பு ப்ரஷ்ஷும் வேணாம், செயின் க்ளீனரும் பழைய டூத் ப்ரஷ்ஷும் போதும்.

செயின் டைட் பாக்குறப்பவும் ஸ்டாண்ட் வகையில வித்தியாசம் வரும், இத நெறைய பேரு கவனிக்கிறதில்ல. முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்ஆர்ம் மூட்டு, பின் ஆக்சில் மூணும் ஒரே நேர்கோட்டுல வர்றப்பதான் செயின் ரொம்ப டைட்டா இருக்கும். பேடாக் ஸ்டாண்ட் ஸ்விங்ஆர்மயே தாங்குறதால வண்டி வெயிட் ஷாக் அப்சார்பர் மேலயே இருக்கும், சக்கரம் தரையில நிக்கிற மாதிரியேதான் கிட்டத்தட்ட. செண்டர் ஸ்டாண்ட்ல அப்படி இல்ல, சக்கரம் தொங்கிரும், அளவு மாறும். அதனால மேனுவல்ல எந்த நெலமையில வெச்சு அளக்கச் சொல்லியிருக்கோ அதே நெலமையில அளங்க, டியூக்குக்கு ஒண்ணும் புல்லட்டுக்கு ஒண்ணும் இருக்கும், குழப்பிக்காதீங்க. அதே மாதிரி பேடாக் ஸ்டாண்ட்ல வண்டி மூக்கு தாழ்ந்து நிக்கும், அப்படி வெச்சுட்டு இஞ்சின்ல இருக்குற குட்டிக் கண்ணாடி வழியா ஆயில் லெவல் பாத்தா தப்பாக் காட்டும், கம்மியா இருக்குன்னு நெனைச்சு ஊத்தி ஓவர் ஃபில் பண்ணிட்டு வந்தவங்க இருக்காங்க. ஆயில் லெவலுக்கு ரெண்டு சக்கரமும் தரையில இருக்கணும், வண்டி நேரா நிக்கணும்.

மாமாவோட பாட்டில் ஜாக்கி வேணாம். அது லாரி ஆக்சிலுக்கு அடியில நிக்கிறதுக்குன்னு செஞ்சது, தலை ஒரு ரூவா காசு விட கொஞ்சம் பெருசு, அந்த ஒரு புள்ளியில டூவீலர நிறுத்தவே முடியாது. அது போக சுருக்கி வெச்சாலே ஏழெட்டு இஞ்ச் ஒயரம் வரும், டியூக்குக்கு அடியில அவ்வளவு எடமே கெடையாது. சிசர் ஜாக் அந்த விதத்துல பரவால்ல, மேல அகலமான ரப்பர் தட்டு இருக்கும், ஆனா அது இஞ்சினுக்கு அடியில ஃப்ரேம் கம்பி ஓடுற வண்டிக்குத்தான். உங்க டியூக்ல ட்ரெல்லிஸ் ஃப்ரேம் (கம்பிய பின்னுன மாதிரி இருக்குற சட்டம்) மேல இருக்கு, இஞ்சின் அதுல தொங்குது, அடியில இருக்குறது அலுமினிய கேஸும் ஆயில வடிக்கிற ட்ரெயின் போல்ட்டும்தான், சில மாடல்ல சைலன்சர் பெட்டியும் அங்கதான். அதுல ஜாக் குடுத்துத் தூக்குனா விரிசல் விட்டுரும். ஸ்விங்ஆர்மோ ஷாக்கோ கழட்டணும்னா பேடாக் ஸ்டாண்டும் உதவாது, ஏன்னா அது தாங்குறதே ஸ்விங்ஆர்மத்தான், அந்த வேலைய தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட விட்ருங்க.

ஹைட்ராலிக் லிஃப்ட், நாங்க ராம்ப்னு சொல்றது, வண்டிய முழுசா மேடையோட தூக்குறது, அது தெனம் நாலு வண்டி பாக்குற ஆளோட முதுகுக்காக வந்தது. எனக்கு அது இல்லாம முடியாது, முட்டி தாங்காது. உங்களுக்கு அத வெக்கவே ஏழடிக்கு மேல நீளம் மூடுன எடம் வேணும், வெளிய கெடந்தா மலைப் பனிக்கு ஒரு வருசத்துல துரு ஏறி ஆயில் சீல் கசியும், சீல் கசியற லிஃப்ட் ராத்திரியில மெல்ல எறங்கும். லாக் பின் போடாத லிஃப்ட்டுக்கு அடியில கை விடவே கூடாது. வேணாம் தம்பி.

முன் ஸ்டாண்டும் சேத்து செட்டா தர்றோம்னு கடையில சொல்லுவாங்க. இப்ப வாங்காதீங்க. முன் வீல் கழட்டுற நெலம வர்றப்ப பாத்துக்கலாம், அப்பவும் ஃபோர்க் (முன் சக்கரத்த ரெண்டு பக்கமும் புடிச்சிருக்குற குழாய்) அடியில தாங்குற ஸ்டாண்ட் வீல் கழட்ட மட்டும்தான், ஃபோர்க்கயே கழட்டணும்னா ஹேண்டில் தண்டு ஓட்டையில பின் போட்டுத் தூக்குற ஸ்டாண்ட் வேணும், அந்தப் பின் அளவும் வண்டிக்கு வண்டி மாறும். எது வாங்குனாலும் பின்னாடி தூக்கிட்டுத்தான் முன்னாடி தூக்கணும், எறக்குறப்ப முன்னாடி மொதல்ல. வீட்ல கான்கிரீட் கூரையில ஊஞ்சல் கொக்கி இருக்குற எடம் இருந்தா அதுல ஒரு பெல்ட் போட்டு ஹேண்டில்ல தளர்வா கட்டி வெச்சுக்கலாம், சாஞ்சா புடிக்கறதுக்கு மட்டும், தூக்கறதுக்கு இல்ல. ஓட்டு வீட்டு மரச் சட்டத்துல அத பண்ணாதீங்க.

அப்பாவோட புல்லட்டுக்கு ஒண்ணும் வாங்க வேணாம், செண்டர் ஸ்டாண்டே இருக்கு, ஆனா அது பழசுங்கறதால குனிஞ்சு பாருங்க. கால் ரெண்டும் தேஞ்சிருக்கும், ஒரு பக்கம் அதிகமா தேஞ்சிருந்தா வண்டி சாஞ்சு நிக்கும், பின் சக்கரம் தரையில ஒரசும். பட்டறையில சொல்லி காலுக்கு அடியில பட்டை வெச்சு வெல்டு அடிச்சா சரியாயிரும், ஸ்பிரிங்கும் மூட்டுல இருக்குற புஷ்ஷும் சேத்து மாத்திருங்க. அவ்வளவு கனமான வண்டிய கையால இழுத்து ஏத்த வேணாம்னு அப்பாகிட்ட சொல்லுங்க, ஸ்டாண்ட் காலு ரெண்டும் தரையத் தொட்டுச்சான்னு காலால உணர்ந்து பாத்துட்டு, ஒடம்பு வெயிட்ட முழுசா அந்தக் காலுல எறக்குனா வண்டி தானா பின்னாடி ஏறும், கை சும்மா வழி காட்டுனாப் போதும்.

இந்த ஞாயித்துக்கெழம ஸ்டாண்ட் கடைக்குப் போகாதீங்க, வாசல்ல தண்ணி ஊத்திப் பாருங்க. சரிவு எந்தப் பக்கம் ஓடுது, சுவத்த ஒட்டி ஒம்பதடி நீளம் கெடைக்குதான்னு அளந்து எனக்கு எழுதுங்க, தளம் எந்தத் திசையில போடணும்னு சொல்றேன்.